இடி முழங்கினால் செத்துப்போகும் கம்ப்யூட்டர்

அன்புள்ள லின்சி மோளுக்கு அப்பச்சன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கும் உன் அம்மாவுக்கும் நம் வாத்துகளுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அயர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருவாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஆரம்பித்து இன்று நான்காம் நாள். ஒரு நாளைக்குக் கால் பக்கம்தான் கை ஓடுகிறது, அதனால் மேலே மழையும் கீழே வெயிலும் இருந்தால் குழம்பாதே.

உன் அனுபவச் சான்றிதழ் வந்து சேர்ந்தது என்று நீ சொன்ன அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆனால் கம்ப்யூட்டருக்கு என்னதான் கேடு என்று நீ கேட்டபோது, மழைக்காலக் கோளாறு என்று மழுப்பினேன் அல்லவா. உன் அம்மா பக்கத்தில் நின்று என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். போனில் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கடிதத்தில் எழுத மாட்டேன் என்று யாரும் வாக்குக் கேட்கவில்லை. இந்த மனிதனுக்கு எழுதத் தெரியும் என்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை, அது என் குற்றமா.

துலாமாத மழை தொடங்கிய வாரம் அது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு செய்தி படிப்பேன், ஒரு செய்தி முடிக்க அரை மணி ஆகும். பாதியில் பெட்டி பட்டென்று இருண்டுவிடும். மறுநாளும் அப்படியே. ஒரு நாள் நீல நிறமாக ஏதோ ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிவிட்டு மறுபடி இருண்டது. அதற்கடுத்த நாள் திறந்தால் திரையில் ஒரு குப்பைக்கூடைப் படம் மட்டும்தான் இருக்கிறது. உன் போட்டோ இல்லை, பாட்டு இல்லை, நீ வரிசையாக வைத்துப் போன ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டு, சான்றிதழை இருபத்தைந்தாம் தேதிக்குள் கேட்கிறார்கள், அது திரையிலேயே இருக்கிறது அப்பச்சா, அனுப்பு என்கிறாய். நீ முன்பு வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரியை மூடி ஆறு வருஷம், மூலக் காகிதம் வெள்ளத்தில் கஞ்சியாகிப் போனது, இருந்தது அந்த ஒரு நகல். வந்து வேறு இடத்திலும் எடுத்து வைக்கிறேன் என்று மூன்று லீவுக்கும் சொல்லிவிட்டு மூன்று லீவும் கரிமீன் தின்று போனவள் யார் என்று நான் இப்போது கேட்கவில்லை.

எல்லாரும் என்னைத்தான் பிடித்தீர்கள். எதை அமுக்கினாய் அப்பச்சா என்று நீ. ரிப்பேர் பார்க்கும் பிஜேஷ் இரண்டு தடவை காலையில் வந்து பார்த்தான், அவன் முன்னால் பெட்டி பூனைக்குட்டி மாதிரி சாதுவாக ஓடியது. அப்பச்சோ, படிச்சது போதும், வாத்தையே மேய்ங்க என்று சிரித்துவிட்டுப் போனான். உன் அம்மா அதற்கும் மேலே போய், இந்த மனுஷன் சிலேட்டைத் தூக்கின அன்னைக்கே நினைச்சேன், வீட்டுல ஏதாவது தொலையும்னு, என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. என்னால்தான் உன் வேலை போகப் போகிறது என்றே நம்பிவிட்டேன்.

எங்கள் முதியோர் எழுத்து வகுப்பின் சஜிதா டீச்சர் தினமும் மூன்று வரி எழுதிக்கொண்டு வரச் சொல்வார். எனக்கு எழுத வேறு என்ன இருக்கிறது, கம்ப்யூட்டரைத்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். செவ்வாய், இடி, பெட்டி செத்தது. புதன், வெயில், பெட்டி நன்று. வியாழன், இடி, பெட்டி செத்தது. படித்துக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன். அன்று மத்தியானம் வானம் கறுத்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு, அதன் முன்னால் உட்காராமல், ஒயர் போகும் வழியே நடந்தேன். அது ஜன்னல் வழியாக அடுக்களைக்குத்தானே போகிறது. அங்கே உன் அம்மா பலாப்பலகையின் மேல் ஏறி நின்று, ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் காய்ந்த துணி சுற்றிய பிளக். முதல் இடிக்கே பிடுங்கிவிட்டிருந்தாள்.

நான் கத்தப் போனேன். அவள் முந்திக்கொண்டாள். "போன வருஷம் தென்னையில விழுந்த இடி டிவியைக் கருக்கிச்சு, நான் கவலைப்பட்டேனா? இது போனா புள்ள மொகத்த எதுல பார்க்கிறது? சொல்லு மனுஷா."

போய் பிஜேஷைக் கூட்டிவந்தேன். ஓடும்போதே பிடுங்கிப் பிடுங்கி எடுத்ததில் பெட்டிக்கு உன் கணக்கு எது என்று தெரியாமல் போய், வெறும் அறை ஒன்றைத் திறந்து காட்டியிருக்கிறது என்றான். உன் பெயர் போட்ட பழைய அறையை உள்ளே தேடித் திறந்தான், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. சான்றிதழை அப்போதே உனக்கு அனுப்ப வைத்தேன். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வாத்து வாங்கிப் போனான். உன் அம்மா இன்னும் கேட்கவில்லை.

இப்போது வானம் கறுத்தால் நான் முறையாக அணைப்பேன், திரை இருண்ட பிறகு அவள் பிடுங்குவாள், இதுதான் ஒப்பந்தம். போன ஞாயிறு நீ திரையில் பேசிக்கொண்டிருக்கையில் இடி முழங்கியது. அம்மா எங்கே என்று நீ கேட்டாய், சோறு வடிக்கப் போனாள் என்றேன். அவள் பலகையின் மேல்தான் நின்றாள், கை பிளக்கில் இருந்தது. நீ அந்தப் புது டாக்டரம்மா கதையை நாற்பது நிமிஷம் சொன்னாய். நாற்பது நிமிஷமும் பிடித்துக்கொண்டே நின்றாள், பிடுங்கவில்லை.

அதனால் ஞாயிறன்று, மழை ஓயும் வரைக்குமாவது, நம் ஊர் மத்தியானத்துக்கு முன்னால் கூப்பிடு. அவளுக்குக் கால் வலிக்கிறது. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். அந்தச் சான்றிதழை மூன்று இடத்தில் எடுத்து வை, கரிமீன் பிறகு தின்னலாம்.

முத்தத்துடன்,
உன் அப்பச்சன்
பத்ரோஸ்