பேப்பரில் வந்த பீரங்கி

வைகாசி 6, திங்கள்.

ஏழு மணிக்கே வெயில். வடாம் இரண்டு முறம் பிழிந்தாயிற்று. காக்காய்த் தொல்லை.

விடியற்காலைச் சாமி புறப்பாட்டுக்கு என் மகன் தணிகாசலம் அதிர்வேட்டு போட்டான். (பெயர் நீளம். இனி த.) வழக்கம்போல் ஏழு குழாய். முழ உயரம்கூட இல்லாத இரும்புக் குழாய்கள். வாய் வானத்தைப் பார்க்க மண்ணில் நட்டு, வெடிமருந்து கெட்டித்து, மேலே செங்கல் தூள் இடித்து, மூங்கில் நுனியில் திரி கட்டித் தள்ளி நின்று கொளுத்துவது. குண்டு கிடையாது. சாமிக்குச் சத்தம்தான் வேண்டும்.

நாலாம் வேட்டுக்கு, கேம்ப் வந்திருந்த துரையின் குதிரை மிரண்டு, துரை கீழே. கை பிசகிவிட்டதாம். த. முகம் வெளுத்து வந்தான். "கூட்டத்துல ஒரு ஆளு என் பேரைக் கேட்டு எழுதிக்கினு போனாம்மா" என்றான்.

வைகாசி 8, புதன்.

பேப்பரில் த. பெயர்!

எதிர்வீட்டு நாகம்மா கொண்டுவந்தாள். தெலுங்குக்காரி, தறிக்காரன் பெண்டாட்டி. இந்தத் தெருவில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிற பொம்பளை நான் ஒருத்தி. ஐந்தாவது வரை, அதுவும் வகுப்பில் முதல். "பிள்ளையார்பாளையம் வாணக்காரர் தணிகாசலம் அவர்கள் பீரங்கி சுட்டதில் துரை அவர்களின் குதிரை மிரண்டு…" என்று இருந்தது. துரைக்கும் 'அவர்கள்', என் மகனுக்கும் 'அவர்கள்'. இரண்டு தரம் மனசுக்குள். மூன்றாம் தரம் உரக்க.

"பீரங்கியா அக்கா? நம்ம வேட்டுக் குழாய்தானே?" என்றாள் நாகம்மா.

ஆமாம், குழாய்தான் என்று சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் நின்றார்கள். "பேப்பர்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றேன்.

கூட்டத்தில் நின்ற நூல் சாயக்காரன் சிரித்தான். "அப்போ அடுத்த வருஷம் உம் மவன் கப்பல் வாங்குவான் ஆயா."

நாலு தெருவுக்குப் படித்துக் காட்டினேன். தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் கஷாயம்.

வைகாசி 9, வியாழன்.

மூட்டம். மழை இல்லை. போலீசு வந்தது.

சப் இன்ஸ்பெக்டர், கூட நாலு பேர். கையில் அதே பேப்பர். 'பீரங்கி' என்ற வார்த்தைக்கு அடியில் சிவப்பு மைக் கோடு. த. ஏழு குழாயையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தான்.

"இதை யாருய்யா கேட்டா? பீரங்கி எங்கே?"

"இதான் சாமி. வேற எதுவும் இல்லீங்க."

கொண்டுபோனவை:
குழாய் 7
மருந்து, ஒரு பானை
இடிக்கிற கட்டை 2
கந்தகம் கொஞ்சம்
த.

மருமகள் சாப்பிடவில்லை. வடாமை எடுத்துவைக்க மறந்து ராத்திரி ஈரத்தில் நமுத்துப்போயிற்று.

வைகாசி 10, வெள்ளி.

தெருவில் விசாரணை. நாகம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பீரங்கியைப் பார்த்தியாம்மா?"

"பாத்தேன் சாமி. ரெண்டு மாடு இழுத்துக்கினு போச்சு."

அவர்கள் போனதும் அவள் கையைப் பிடித்தேன். "ஏண்டி இப்படிப் பொய் சொன்னே?"

"பொய்யா? நீ படிச்ச அப்புறம்தான் அக்கா எனக்கு ஞாபகமே வந்துச்சு. சக்கரம் கிரீச்சு கிரீச்சுன்னு கத்திக்கினே போச்சே. உனக்குக் கேக்கலியா?" அவள் முகத்தில் பயம் இல்லை. என்னைப் பார்த்து இரக்கம்.

சாயக்காரன் சாட்சி: சக்கரம் அவன் இடுப்பு உயரம். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த பெண்கள் சாட்சி: பீரங்கிக்கு வழி விடப் பாவைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள், அதில் எட்டு இழை அறுந்தது. அறுந்த இழையையும் காட்டினார்கள்.

பேத்தி ராஜத்துக்கு ஏழு வயது. "சக்கரத்துல மஞ்சப் பூ போட்டிருந்துச்சு ஆயா. அப்பா என்னைத் தூக்கி மேல உக்கார வெச்சாரே." அடிக்கக் கை ஓங்கினேன். குழந்தை பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

வைகாசி 11, சனி.

வக்கீல் வீடு. ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். பட்டணத்து மேலதிகாரி பேப்பரைப் படித்துவிட்டாராம். பீரங்கி கைக்கு வரும்வரை த.வை விடமாட்டார்களாம். ஒப்படைத்தால் அபராதத்தோடு போய்விடும். இல்லையென்றால் வருஷக் கணக்கு.

"இல்லாததை எங்கே போய்க் கொண்டாரதுங்க?"

"இல்லேன்னு நீங்க ஒருத்தர்தானேம்மா சொல்றீங்க? தெருவே இருக்குதுன்னு சொல்லுது. அவங்களுக்கு முதல்ல சொன்னதும் நீங்கதானாமே?"

அங்கிருந்து நேரே தபால் ஆபீசுக்குப் போனேன்.

பேப்பர் ஆபீசுக்குக் கடிதாசி. 'அது வேட்டுக் குழாய், பீரங்கி அல்ல, திருத்திப் போடவும்.' நாலு தரம் கிழித்து ஐந்தாவதைத் தபாலில் போட்டேன்.

திரும்பும்போது தெருப் புழுதியில் இரண்டு தடம். கட்டை வண்டித் தடம் எனக்குத் தெரியும். இது அதைவிட அகலம், ஆழம். முழம் போட்டுப் பார்த்தேன். பிறகு காலால் கலைத்தேன். ஏன் கலைத்தேன்?

வைகாசி 13, திங்கள்.

புழுக்கம். த.வைப் பார்க்க விட்டார்கள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அடித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், அவ்வளவுதான்.

"கொல்லையில பாத்தியாம்மா? கெணத்துக்குப் பின்னாடி?"

"என்னத்தைடா?"

"எங்க வெச்சேன்னு ஞாபகம் வரமாட்டேங்குதும்மா. யோசிச்சிக்கினே இருக்கறேன்."

"குழாய்டா. ஏழு குழாய். உங்கப்பா காலத்துக் குழாய்."

"குழாயும் இருந்துச்சு" என்றான். "அதுவும் இருந்துச்சும்மா."

இதைச் செய்தது நான். யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். 'அவர்கள்' என்ற ஒரு வார்த்தை கேட்க இனிப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கிணற்றுக்குப் பின்னால் பார்த்தேன். வாழை மட்டும்.

வைகாசி 15, புதன்.

பேப்பரிலிருந்து பதில் இல்லை. காலை ஆறரைக்கே ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தான். வக்கீல் முன்னாலேயே போயிருந்தார்.

ஸ்டேஷன் வாசல் புங்கமரத்தடியில் ஏதோ சாக்கு போர்த்தி இருந்தது. இழுத்தார்கள். பீரங்கி. முசரவாக்கத்து ஏரிக்கரையில் தோண்டி எடுத்ததாம். மண் இன்னும் ஈரம்.

வக்கீல் என் காதோடு: "நவாபு காலத்துச் சாமானா இருக்கும். மேலே காட்ட அவங்களுக்கு ஒண்ணு வேணும். உங்க பையன் தன்னுதுன்னு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே வீட்டுக்கு வரலாம். நீங்க வாயைத் திறக்காதீங்கம்மா."

திறக்கவில்லை. பிள்ளை வந்தால் போதும். என்ன பொய் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று நின்றேன்.

த.வைக் கொண்டுவந்தார்கள். அவனிடம் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்குவது என்று வக்கீல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் நேரே அதனிடம் போனான். வாய்க்குள் தோள்வரை கையை விட்டான். எடுத்து மோந்து பார்த்தான்.

"நம்ம மருந்துதாம்மா. கரி ஒரு பிடி ஜாஸ்தி போட்டுட்டேன்." ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தான். உட்கார்ந்து, கோணாமல், முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

எல்லாரும் உள்ளே போனபிறகு நான் கிட்டப் போனேன். மர நிழல். வெயில் அங்கே இன்னும் வரவில்லை. சும்மா, வாய் ஓரத்தில் ஒரு விரல் வைத்தேன்.

வலது ஆள்காட்டி விரல் சூட்டில் கொப்பளித்துவிட்டது. பேனாவை நடுவிரலில் இடுக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.