மஞ்சள் வயிற்று ஸ்பிட்ஃபயர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். உடுப்பைத் தோய்த்து வெளியே காயப்போட்டேன். மத்தியானம் மழை. எல்லாம் திரும்ப உள்ளே, கதிரை முதுகெல்லாம் ஈர உடுப்பு.

வாங்க வேண்டியது: மைசூர்ப் பருப்பு, குப்பைப் பை, இவருடைய பிரஷர் குளிசை.

என் மனுசனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க எமிலி வந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு வலது கை சரியாக இல்லை, சொல்லும் வருவதில்லை. மனதில் இருக்கிறது, வாய்க்கு வரும்போது வேறொன்றாகிவிடுகிறது. இன்றைக்கும் தேத்தண்ணி கேட்க வெளிக்கிட்டு, "தி... திறப்பு" என்றார், சாவி கேட்பதுபோல. நான் வழக்கம்போல, "தேத்தண்ணியோ, இந்தா வாறன்" என்று எழும்பிவிட்டேன். எமிலி பிடித்துக்கொண்டாள். இனி நான் அவருக்காகப் பேசி முடிக்கக் கூடாதாம். காத்திருக்க வேண்டுமாம், எவ்வளவு நேரமானாலும்.

போகும்போது வாசலில் வைத்து இன்னொன்றும் சொன்னாள். கேட்டால் பதில் சொல்லப் பார்க்கிறார், ஆனால் தானாக ஒரு கேள்வியும் கேட்பதில்லை, கவனித்தீர்களா என்று.

கவனிக்கவில்லை. வெங்காயம் வெட்டும்போது யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இந்த வீட்டில் கேள்வி எல்லாம் என்னுடையது.

முன்பு விருப்பமாகச் செய்த கைவேலை ஏதாவது இருந்தால் திரும்பத் தொடங்கச் சொன்னாள். இருக்கிறது. கராஜுக்குள்.

மார்ச் 5, வியாழன்

கராஜைத் திறந்தேன். தூசி. கூரையில் நூல் கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் விமானங்கள். புலம்பெயர்ந்து இந்தப் பென்டில் ஹில்லுக்கு வந்த காலம் தொட்டு இவர் ஒட்டிச் சேர்த்தவை. எனக்கு அவற்றைக் கண்ணில் காட்டக் கூடாது. அதனால்தான் கராஜ். ஒருமுறை ஒன்றை ஹாலில் வைத்தார், நான் இரண்டு நாள் பேசவில்லை.

பாதி செய்த பெட்டி ஒன்று இருந்தது. ஸ்பிட்ஃபயர், பழைய உலக யுத்தத்தில் இங்கிலீஷ்காரர் ஓட்டியது. நானே தூக்கிக்கொண்டு போய் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

இவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதி வாயால் சிரிப்பு.

பசை பூச இடது கை போதும். பிடிக்க ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 8, ஞாயிறு

இறக்கை ஒட்டியாயிற்று. ஆடாமல் பிடித்து எனக்குத் தோள்மூட்டு நோகிறது. கொஞ்சம் அசைந்தாலும் "ச்" என்கிறார். அந்தச் சொல் மட்டும் ஒரு பிழையில்லாமல் வருகிறது.

மெல்பனிலிருந்து மகள் துஷி வீடியோவில் வந்தாள். "அம்மா, ஆர் யூ ஹோல்டிங் எ பிளேன்? ஆர் யூ ஓகே?"

"ஓம், ஓகேதான். நீ சாப்பிட்டனியோ?"

அவளுக்குப் பாதிக் கதை தெரியும். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் பொம்மர் சுற்றும்போது பங்கருக்குள் ஓடியது. மற்றப் பாதியை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கறிவேப்பிலைக் கன்று துளிர்விட்டிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

இன்று சண்டை. நான் மட்டும் போட்ட சண்டை.

விமானத்தின் வயிற்றுக்கு மஞ்சள் பூசினார். சரி, வடிவாகத்தான் இருந்தது. பிறகு ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவிட்டு இறக்கையில் வழுக்கவிட்டு ஒட்டினார். கறுப்புச் சிலுவை. ஜெர்மன்காரனுடையது. எனக்கே தெரிகிறது.

"இஞ்சாருங்கோ, ஏன் உதை ஒட்டுறியள்? இது அவங்கட பிளேன் இல்லையே!"

"மா... மாமி..." அந்தச் சொல் இல்லை என்று தலையாட்டினார். மேசையில் குத்தினார். என் வாயில் பத்துப் பதில் வந்து நின்றது. விழுங்கினேன். காத்திருந்தேன். சொல் வரவில்லை. சோறு அடிப்பிடித்தது.

எழும்பிக் காலை இழுத்துக்கொண்டு போய்ப் புத்தகம் எடுத்து வந்தார். படத்தைக் காட்டினார். கீழே இருந்ததை நான் வாசித்தேன். தரையிறங்கி அகப்பட்ட எதிரி விமானங்களை ஜெர்மன்காரர் திருத்தித் தங்கள் அடையாளம் போட்டு ஓட்டினார்களாம். எப்படிப் பறக்கிறது, எதில் பலவீனம் என்று தங்கள் விமானிகளுக்குக் காட்ட. தங்களுடைய ஆட்களே கீழிருந்து சுட்டுவிடாமல் வயிற்றுக்கு மஞ்சள்.

"கீழ நிக்கிற சனம் நிறம் பாத்துக்கொண்டோ நிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. மற்றப் பாதியும் வந்துவிட்டது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த சாந்தி. பொம்மர் வந்த அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம், நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். பங்கர் இருந்தது இடப்பக்கம்.

இவ்வளவு வருஷம் கலியாணம் கட்டியிருந்தும் இவருக்கு இது தெரியாது.

ஏலாத வலது கையை இடது கையால் தூக்கி என் மணிக்கட்டில் வைத்தார். பாரமாக இருந்தது. சூடாகவும்.

வாலுக்கு இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது, அந்த நாஜி அடையாளம். அதை ஒட்டவில்லை. கிழித்துக் குப்பையில் போட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

எமிலி விமானத்தைப் பார்த்து ஆவென்று நின்றாள். சனிக்கிழமை இவர் முன்பு போய்வந்த மாடல் கிளப்பின் கண்காட்சி, நோட்டீஸ் மேசையில் கிடந்தது. கொண்டுபோகச் சொல்கிறாள். இவர் "ஓம்" என்றார். அங்கே யாராவது பேச்சுக் கொடுத்தால்?

மார்ச் 21, சனி

சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன், நீண்டுகொண்டே போகிறது.

பள்ளிக்கூட மண்டபம். நீள மேசைகள். இவரைக் கண்டதும் கிளப் ஆட்கள் எல்லோரும் "ஷிவ்! ஷிவ்!" என்று சூழ்ந்தார்கள், அங்கே இவருக்கு அதுதான் பெயர். இவர் சிரித்துச் சமாளித்தார். மேசையில் ஸ்பிட்ஃபயர், பக்கத்தில் நான் எழுதிய சின்ன அட்டை: "எதிரியிடம் பிடிபட்ட விமானம்". போதும் என்று நினைத்தேன்.

கைத்தடியோடு ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். பெயர் நீல் என்று பிறகுதான் தெரியும். அட்டையை அவர் பார்க்கவில்லை. சிலுவையைத்தான் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யார் இதைச் செய்தது? என் அப்பா ஓட்டினது ஸ்பிட்ஃபயர். பிரான்சில் ஒரு வயலில் விழுந்து, ஜெர்மன்காரங்கள் அவரைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். அவருடைய விமானத்தில் இந்தச் சிலுவையா? எடுங்கள் அதை!"

அட்டையைக் காட்டி எல்லாம் விளங்கப்படுத்த நான் வாயைத் திறந்தேன். இவர் என் முழங்கையைத் தொட்டார். பொறு என்று.

"யுவர்..." என்றார். நின்றது. "யுவர்... ஃபா..."

நீல் புருவத்தைச் சுருக்கினார். நான் ஒன்று மட்டும் சொன்னேன். "ஸ்ட்ரோக் வந்தது. ப்ளீஸ், கொஞ்சம் பொறுங்கள்."

பொறுத்தார். அதற்காகவே அந்த மனிதருக்கு நல்லது நடக்க வேண்டும். இவருடைய நெற்றி முழுக்க வியர்வை. சொல்லப்போவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மஞ்சள், சுடாமல், அது இது.

"யுவர் ஃபாதர்... கேம்... ஹோம்?"

விமானத்தைப் பற்றி ஒன்றுமேயில்லை. அப்பா வீட்டுக்கு வந்தாரா என்று கேட்கிறார்.

நீல் தடியை மேசையில் சாய்த்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "யெஸ், மேட். ஹி டிட்." பிறகு மெதுவாகச் சொன்னார். எலும்பும் தோலுமாய் வந்தாராம். ஸ்டேஷனில் அம்மாவுக்கே ஆளை அடையாளம் மட்டுக்கட்ட முடியவில்லையாம். நீல் பிறந்தது அதற்குப் பிறகு. விமானத்துக்கு என்ன ஆயிற்றென்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அட்டையை இப்போதுதான் வாசித்தார். "அதையும் திருத்தி ஓட்டியிருப்பாங்களோ? இப்படி?"

இவர் தோளை உயர்த்தினார். "மே... மேபி."

நீல் அதைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டார். எடுத்துத் திருப்பி மஞ்சள் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். நான் போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி எடுத்து வந்தேன்.

திரும்பும்போது காரில் எனக்கு அழுகை. இவர் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

எமிலிக்கு மெசேஜ்: ஒரு கேள்வி கேட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

நீலிடமிருந்து போன். விமானத்தின் படம் வேண்டுமாம், கீழ்ப்பக்கம். கதவடியில் வெளிச்சம் பார்த்துப் பிடித்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். உறைப்பு இல்லாமல் என்ன சமைப்பது? பருப்பு, உருளைக்கிழங்கு. மீன் யோசிக்க வேண்டும்.

மார்ச் 28, சனி

வெயில் தணிந்துவிட்டது. நாளைக்கு நீல் வருகிறார், வீடு கூட்டவில்லை. அதற்குள் இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கார்ப் பக்கம் நிற்கிறார். மாடல் கடைக்காம்.

கடையில் தட்டுத் தட்டாக விமானங்கள். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்துக்கொண்டு வரட்டும், பிடிக்கத்தானே போகிறேன் என்று.

திரும்பி என்னைப் பார்த்தார்.

"உமக்கு..."

காத்திருந்தேன். கடைக்காரப் பெடியன் விலகிப் போனான்.

"உமக்கு... என்ன... வேணும்?"

இப்படி ஒருவர் என்னைக் கேட்டுப் பழக்கமில்லாமல் போயிற்று எனக்கும். பிறகு சொன்னேன்.

"பறக்காத ஏதாவது."

இவர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேருமாக மற்றப் பக்கத் தட்டில் தேடினோம். கப்பல் வேண்டாம் என்றேன், அதிலிருந்தும் ஷெல் அடித்தவர்கள். கடைசியில் ஒரு ட்ராக்டர். சிவப்பு. ட்ராக்டரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஊரை விட்டு எழும்பின அன்று எங்களை ஏற்றிக்கொண்டு போனது அதுதான். அம்மா, நான், தையல் மெஷின், ஆடு.

பின் சில்லுகள் பெரிசு. அவற்றை இவர் பிடிக்கட்டும். நான் ஒட்டப் போகிறேன்.