உன் படையலில் வைத்த உப்புக் கஞ்சி

அன்புள்ள தம்பி ஏழுமலைக்கு,

படையலில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் உன் முதல் வருஷப் படையலில் நடந்ததைச் சொல்லி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

உன் மகள் மல்லிகா நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். கைக்குழந்தையாக இருந்தபோது குடல் முறுக்கிக்கொண்டு, சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்த பிள்ளை என்று பார்த்தால் தெரியாது. மெலிவுதான். ஆனால் பாவாடை குட்டையாகிவிட்டது. மாதாமாதம் போடும் வைட்டமின் ஊசியை அவள் அம்மா ராணி தவறவிடுவதில்லை.

மிச்சமிருக்கும் குடல் போகப்போகப் பழகிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி உப்புக் கஞ்சியும் மசித்த முட்டையும் கொடுக்கச் சொன்னார். இனிப்பு மட்டும் ஆகாது. அது உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துப் பேதியாக்கிவிடும். கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லித்தருகிற எனக்கு அது புரிந்தது. ஆனால் குடல் எப்படிப் பழகும்? யார் சொல்லி?

படையலன்று உனக்குப் பிடித்ததை வைத்து, முதல் வாய் பிள்ளை சாப்பிட வேண்டுமாம். உனக்கு வெல்லப் பாயசம் என்றால் உயிர். ஆரணிச் சின்னம்மா விடிந்ததுமே காய்ச்சிவிட்டார்.

"கொயந்தைக்கு ஆவாது சின்னம்மா," என்றாள் ராணி.

"அப்பனுக்குப் படைச்சது இன்னாடி பண்ணிடும்? ஒரு வாய் துன்னலன்னா அவன் பசியோட திரும்பிப் போயிடுவான்."

"அவரு பசி தாங்குவாரு. இவ பேதி தாங்குவாளா?"

சின்னம்மா கேட்கவில்லை. கரண்டியோடு வந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் மல்லிகா சொன்னாள்: "நைனாவுக்குப் பாயசம் புடிக்காது பாட்டி. கஞ்சிதான் புடிக்கும். அவரே சொன்னாரு. தெனம் என்கூட அதான் துன்னுவாரு."

"ஆமாண்டி, கஞ்சிக்குன்னே பொறந்தான் உங்கப்பன்," என்று சின்னம்மா முணுமுணுத்தார். ஆனால் கரண்டி தாழ்ந்துவிட்டது. ராணி உள்ளே போய்க் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். முதல் வாயை மல்லிகா குடித்தாள். பாயசத்தைச் சின்னம்மாவே முடித்தார்.

ஒர்க்ஷாப்பிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நீ அவள் எதிரே உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். தனியாகக் கொடுத்தால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்கு ஒரு கிண்ணம், உனக்கு ஒரு கிண்ணம். பாயசச் சட்டியை வழித்து நக்கிய என் தம்பிக்கு அந்தக் கஞ்சி உண்மையிலேயே பிடித்துவிட்டதா? இல்லை, அவளுக்காகச் சொன்னதா? குடல் பழகுவதைப் போல நாக்கும் பழகுமா?

அன்று நானும் ஒரு கிண்ணம் குடித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் இனி சனிக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டி ரயிலேறி வருவேன். உன் இடத்தில் உட்கார்ந்து உன் கிண்ணத்தில் குடிப்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது. "உனக்குப் புடிக்குதா அத்தை?" என்று அவள் கேட்கிற சமயத்தில் மட்டும் வாய் நிறையக் கஞ்சி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

உன்னோடு ஒரே பாயசச் சட்டிக்குச் சண்டை போட்ட
அக்கா