நட்சத்திரப் பட்டியலைச் சரிபார்த்தவர்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
11.03.2025

அன்புள்ள மகள் லவினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். பின்லாந்தின் பனியில் உனக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் முழங்கால் நோவு முன்னரைவிடக் குறைவு. இன்று செவ்வாய்க்கிழமை என்பதால் கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்தாள். குசினிக் கூரை இன்னும் ஒழுகுகிறது. அதைப் பற்றி அவளே உனக்குப் போனில் சொல்லியிருப்பாள், என்னைப் பற்றிய முறைப்பாட்டோடு சேர்த்து.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன்னுடைய நட்சத்திரப் பட்டியல்களை எட்டு மாதமாகச் சரிபார்த்து இணையத்தில் அனுப்பும் 'ஓல்ட்கிளார்க்' என்பவர், நீ நினைப்பதுபோல் இங்கிலாந்தில் ஓய்வெடுக்கும் ஒரு வெள்ளைக்காரர் அல்ல. அது நான்தான். என் ஆங்கிலத்தைப் பார்த்து அப்படி நினைத்தாய் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைக்கமாட்டேன். போன கிழமை நீ அவருக்கு எழுதியிருந்தாய்: ஏப்ரல் ஐந்தாம் திகதி முழுப் பதிப்பு வெளிவருகிறது, நன்றிப் பக்கத்தில் முதலாவதாக அவருடைய சொந்தப் பெயரைப் போட வேண்டும், தயவுசெய்து பெயரைத் தாருங்கள் என்று. பெயர் சவுந்தரநாயகம். இதைப் படித்ததும் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. கிழிப்பதென்றால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

நான் ஏன் என் பெயரில் வரவில்லை என்று கேட்பாய். மூன்று வருடத்துக்கு முன் வெள்ளவத்தையில் இருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளை பாங்க் வேலையை விட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். நான், "வீட்டில இருந்து பொய் வானம் கீறுறா" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு முன் சிரித்தவன் நான். நீ உள்ளறையில் இருந்தாய், கேட்டிருக்காது என்று வெகுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ என்னோடு கதைத்ததெல்லாம் மழை, வெயில், மருந்து. நான் அப்பா என்று வந்து கதவைத் தட்டியிருந்தால் நீ மரியாதையாகத் திறந்து, மரியாதையாகவே மூடியிருப்பாய்.

போன ஜூலையில் போனுக்குப் பட்டரி மாற்ற, ஜம்பட்டா வீதியில் உன்னோடு ரியூசன் படித்த ஹப்ஸாவின் கடைக்குப் போனேன். அவளுடைய கணினித் திரையில் கறுப்பு வானம் ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இது என்ன பிள்ளை என்று கேட்டேன். "அங்கிள், இது லவினாட வேல. சும்மா கேம் எண்டு நெனச்சிட்டீங்களா? உலகம் முழுக்க ஆக்கள் இத எடுத்துப் போட்டு வெளையாடுறாங்க" என்றாள். உனக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை உன்னைப் பெற்றவன் பட்டரி மாற்றப் போன இடத்தில்தான் அறிந்துகொண்டான்.

அவள்தான் பொறுமையாக விளக்கினாள். விண்கலம் ஓட்டும் அந்த விளையாட்டைச் செய்தவர்கள் வானத்தில் நட்சத்திரங்களை அழகுக்காக அள்ளித் தெளித்திருந்தார்களாம். கோள்களும் அப்படியே, ஒரே பருமனில் நிறத்தை மட்டும் மாற்றி வைத்தவை. நீ செய்த மோட், அதாவது இருக்கும் விளையாட்டின்மேல் விளையாடுபவர் செய்து சேர்க்கும் மாற்றம், அந்தத் தெளிப்பை எல்லாம் எடுத்துவிட்டு, அளந்து அறிந்த நட்சத்திரங்களை அதனதன் இடத்தில், அதனதன் தூரத்தில், அதனதன் சூட்டுக்கு ஏற்ற நிறத்தில் வைக்கிறது. வேறு சூரியன்களைச் சுற்றுவதாகக் கண்டுபிடித்த கோள்களையும் தெரிந்த அளவுக்கு உண்மையாக வைத்து, தெரியாததைத் தெரியாது என்றே குறித்திருக்கிறாய். அதாவது பொய் வானம் முன்பே அங்கே இருந்தது. நீ அதை மெய்யாக்கிக்கொண்டிருந்தாய். கடையில் நின்றபடி இது விளங்கியபோது எனக்கு முகம் சுட்டது. பட்டரியை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் திரும்பப் போனேன். பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கண்கள் தேவை, கணினிக்குப் பிடிபடாதது மனிதருக்குப் பிடிபடும் என்று நீ கேட்டிருந்ததை ஹப்ஸா வாசித்துக் காட்டினாள். முப்பத்தொரு வருடம் ஹாபரில் கப்பலில் இருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்தவனுக்கு இதைவிட வேறு அழைப்பு வேண்டுமா? நீ விட்டுப்போன கணினியில் அவளே விளையாட்டை ஏற்றித் தந்து, ஓல்ட்கிளார்க் என்ற பெயரையும் வைத்துவிட்டாள். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன். அவளைக் கோபிக்காதே.

காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு இருந்தால் பதினொன்றரை வரை அதே வேலைதான். ஐந்நூறு ஐந்நூறாக நீ அனுப்பும் பட்டியலை ஹப்ஸாவிடம் அச்செடுத்து, அடிமட்டம் வைத்து ஒவ்வொரு வரியாகத் திரையோடு ஒப்பிடுவேன். ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றையும் நான் பாராமல் விடவில்லை. ஆரம்பத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு. "இந்த மனுசனுக்குப் பிள்ளைக்கு ஒளிச்சு ஒளிச்சுக் கடிதம் எழுதுற வயசே" என்பாள். ஆனால் பதினொரு மணிக்கு இரண்டாவது தேத்தண்ணீர் தவறாமல் வரும்.

பதினோராவது பட்டியலில் 373ஆம் வரியில் இருந்து நிறங்கள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியிருந்ததைப் பிடித்தேனே, அது நினைவிருக்கிறதா? நூற்றிருபத்தெட்டு நட்சத்திரம், ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது. நீ உடனே திருத்தினாய். நான் மெச்சியது திருத்தியதை அல்ல. அந்தப் பிழை இன்ன இடத்தில், இத்தனை நாள், என்னால் நடந்தது என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்தாயே, அதைத்தான். ஹாபரில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது அது. பிழையான எண்ணை அழிக்கக்கூடாது. அதன்மேல் கோடு இழுத்து, சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கையெழுத்து வைக்கத் தைரியம் இருந்ததில்லை. அன்று உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் சொன்னதை அழிக்க முடியாது. அதன்மேல் இப்போது கோடு இழுக்கிறேன், மகள். நான் சொன்னது பிழை.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஒரே இடத்தில் இரண்டு நட்சத்திரம் எழுதியிருப்பதாகப் பதினேழு சோடியைக் குறித்து, இவை இருமுறை எண்ணப்பட்டவை, ஒன்றை வெட்டவும் என்று எழுதினேன். ஹாபரில் ஒரே இடத்தில் இரண்டு பெட்டி இருக்க வழியில்லை. ஒரே இடம் இரண்டு தரம் வந்தால் எண்ணியவன் நித்திரை என்று அர்த்தம். நீயும் என்னை நம்பிப் பதினேழையும் வெட்டிவிட்டாய். வெளியிட்ட பிறகு எத்தனை பேர் உன்னைப் பிடித்து ஏசினார்கள் என்பதை வாசித்தேன். அவை உண்மையிலேயே இரண்டிரண்டு சூரியன்களாம், ஒன்றையொன்று சுற்றுபவையாம். எல்லோருக்கும் முன்னால் அந்தப் பழியை நீயே ஏற்றாய், என் பெயரை எடுக்கவேயில்லை. எனக்குத் தனியாக எழுதினாய்: "பிழை உங்களுடையது இல்லை ஐயா. இரட்டை நட்சத்திரம் என்று நான் பட்டியலில் குறித்திருக்க வேண்டும். உங்களைப்போல் கவனமாகப் பார்க்கிறவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்."

அதை நான் பலமுறை வாசித்தேன். நீ ஆறாம் வகுப்பில் கணக்கில் ஒரு பூச்சியத்தை விட்டதற்கு அந்தக் கொப்பியை நான் எப்படித் தூக்கி எறிந்தேன் என்பது உனக்கும் மறந்திருக்காது. இந்தப் பொறுமையை நீ என்னிடம் இருந்து எடுக்கவில்லை. அம்மாவிடமும் அவ்வளவு இல்லை. நீயாகவே உண்டாக்கிக்கொண்டது. என் பிள்ளை என்னைவிட நல்ல மனிதர் என்று அன்று காலை அந்தக் கதிரையில் இருந்து கண்டேன், கண் கலங்கிவிட்டது.

பிடிவாதம் மட்டும் என்னுடையதுதான், அதில் பங்கு கேட்பேன். பச்சை நட்சத்திரம் வேண்டும் என்று எத்தனை பேர் கெஞ்சினார்கள், சிலர் பயமுறுத்தியும் பார்த்தார்கள். மனிதக் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் நட்சத்திரம் இல்லை, ஆகவே வைக்கமாட்டேன் என்று ஒரே வரியில் மறுமொழி எழுதினாய். நான் கைதட்டினேன். கை தட்டிய சத்தத்துக்கு அம்மா பயந்து ஓடி வந்தாள்.

ஒருநாள் அவளையும் பக்கத்துக் கதிரையில் இருத்தி, நமக்கு மிகக் கிட்டிய சூரியன்கள் வரை விண்கலத்தை ஓட்டிப் போனேன். நான் வெட்டச் சொன்ன சோடிகளில் அதுவும் ஒன்று. எண்பது வருடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி முடிக்கும் அந்த இரண்டும் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்க, கலத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தோம். கோணல்மாணலாக ஐந்து நட்சத்திரம் நிற்கும் கூட்டம் ஒன்று இங்கிருந்தும் தெரியுமே, அங்கிருந்து பார்த்தால் அதில் ஆறாவதாக ஒன்று நிற்கிறது. அதுதான் நம் சூரியன் என்றேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, "இதெல்லாம் எங்கட பிள்ளை தனிய இருந்தே செய்தவள்?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இப்போது எழுத மிகவும் கடினமான இடத்துக்கு வந்துவிட்டேன். பெயர் கேட்ட அந்தக் கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்தாய்: "என் அப்பாவும் உங்களைப்போல் எண்ணிச் சரிபார்க்கும் வேலைதான் செய்தவர். அவரிடம் இதைக் காட்ட எனக்கு எப்போதும் ஆசை. அவர் உங்களைப்போல் ஒருதரம் பார்த்திருந்தால் போதும்." அது வேறொருவருக்கு எழுதியது. அதை வாசிக்க எனக்கு உரிமையில்லை. வாசித்துவிட்டேன். தவக்காலம் தொடங்கிய கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதருக்கு மோட் என்றால் என்ன என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்ற வரிசை வாசல்வரை போய்விட்டது. கடைசியில் அவர், "இத என்னட்டச் சொல்லி என்ன, மகளிட்டச் சொல்லுங்கோ" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் உன்னை உளவு பார்க்க வந்தவன் இல்லை. முதல் மாதம் வெட்கத்தால் மறைந்திருந்தேன். பிறகு, நீ அந்த மனிதரோடு கதைக்கும் கதை எனக்கு இனித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அது நின்றுவிடும் என்ற பயத்தில்தான் மீதி ஏழு மாதமும் மறைந்திருந்தேன். அந்தக் களவுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போடு என்று நான் கேட்கமாட்டேன், போடாதே என்றும் சொல்லமாட்டேன். உனக்கு மனம் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடு. வேலை செய்து முடித்த சந்தோஷம் எனக்குப் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு. நீ கைவைக்கும் வேலை எதுவும் வீண்போகாமல், உன் முயற்சியை ஆண்டவர் தம் கையால் நிறைவாக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் செபிக்கிறோம். நாளைக் காலை தபாற்கந்தோரில் இதைச் சேர்த்த பிறகு ஓல்ட்கிளார்க் உனக்கு எழுதமாட்டார். அந்தப் பெயரை மூடிவிடும்படி ஹப்ஸாவிடம் சொல்லிவிட்டேன். இனி உன்னோடு கதைக்க எனக்கு இருப்பது அப்பா என்ற பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்கு ஒரு வரி எழுது மகள், ஏசி எழுதினாலும் பரவாயில்லை.

உன்மேல் என்றும் அன்புள்ள,
அப்பா