அம்பு துளைத்த தாளில் என் ‘சரி’

நானா,

இன்று காலை உங்கள் கராஜில் இருந்தவர்கள் மூன்று பேர்: மதினி, உங்கள் மகள், தங்கை நான். என் வீட்டுக்காரர் வெளியே காரிலேயே உட்கார்ந்துவிட்டதால் அவரைச் சேர்க்கவில்லை. நீங்கள் மவுத்தான பிறகு மதினி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. உங்கள் சாமான்களை ஒதுக்கித் தரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அலமாரிக்குப் பின்னால் வில் வைத்த அந்த நீளமான கறுப்புப் பெட்டி நின்றது. திறந்ததும் நாணுக்குத் தேய்க்கும் மெழுகின் வாசனை எழுந்து வந்தது. மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

பிளெய்ன்ஸ்பரோவில் மருந்துக் கம்பெனி வேலை, வெஸ்ட் வின்ட்சரில் வீடு, இதற்கு நடுவே வில் எதற்கு என்று ஊரிலிருந்து போனில் எல்லோரும் கேட்டார்கள். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் தன் பண்ணைக் காட்டுக்கு ஒருநாள் மான் வேட்டைக்கு அழைத்துப் போனார். அவ்வளவுதான், உங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மார்க்கச் சட்டத்தை நான்தான் தேடிப் படித்துச் சொன்னேன். பிஸ்மில்லாஹ் சொல்லி விட்ட அம்பு முனையால் துளைத்தால் அந்த இறைச்சி நமக்கு ஆகும். பக்கவாட்டில் அடித்துக் கொன்றால் ஆகாது.

“அப்ப அம்பு நேரா போறதுக்கு நீதான் பொறுப்பு,” என்றீர்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வில்லோடு வந்த புத்தகத்தைப் படித்து முடித்தேன். கைப்பிடிக்குச் சற்று மேலே அம்பைத் தாங்குகிற இரண்டு சின்னக் கம்பிகளுக்கு ரெஸ்ட் என்று பெயர். அது ஒரு முடியளவு விலகி நின்றாலும் அம்பின் முனை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாகப் போகும். மரச்சட்டத்தில் தாளை இழுத்துக் கட்டி, பின்னால் வைக்கோல் கட்டை வைத்து, இரண்டு எட்டு தள்ளி நின்று எய்து பார்க்க வேண்டும். ஒரே துளையும் அதிலிருந்து இறகுகளின் மூன்று கீறலும் விழுந்தால் ரெஸ்ட் சரியான இடத்தில் இருக்கிறது. கிழிசல் ஒரு பக்கமாக நீண்டால் ஆலன் கீ என்கிற வளைந்த சாவியால் திருகைத் தளர்த்தி, ரெஸ்ட்டை நகர்த்தி, மறுபடி எய்ய வேண்டும்.

நீங்கள் எய்வீர்கள். நான் ஸ்கேலால் கிழிசலை அளந்து, தாளுக்கு எண் போட்டு, நோட்டில் எழுதி, ரெஸ்ட் நிற்கும் இடத்தை வில்லில் பென்சிலால் குறிப்பேன்.

“என்ன கணக்குப்பிள்ளை, தீர்ப்பு என்ன?”

“வாலு இழுக்குது நானா. இன்னும் கொஞ்சம் நகத்துங்க.”

“அம்பு விடுறது நான், அதட்டுறது நீ!”

மதினி கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். “அண்ணனும் தங்கச்சியும் பேப்பரைக் கிழிச்சுக்கிட்டே இருங்க. அந்த மானுக்குப் பேரன் பேத்தியே பொறந்துடும்.”

அந்த வெள்ளிக்கிழமை பதினோராவது தாள். மறுநாள் விடிந்தால் நீங்கள் காட்டுக்குப் போக வேண்டும். கராஜ் கதவுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, எனக்கு மாலை நேரத்து அஸர் தொழுகை தவறிக்கொண்டிருந்தது. தொழுமுன் கைகால் முகம் கழுவி இன்னும் ஒளு செய்யவில்லை. திருகைத் தளர்த்தி இன்னொரு தாள் கட்டினால் தொழுகை வக்து போய்விடும். துளையைப் பார்த்தேன். ஒரு நெல் நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. ஸ்கேலைக் கையில் எடுக்கவே இல்லை.

“சரியா இருக்கா?” என்று கேட்டீர்கள்.

“சரிதான் நானா, சரி,” என்று தாளிலும் அதையே எழுதிவிட்டு உள்ளே ஓடினேன். தொழுகை கிடைத்தது.

மறுநாள் மாலை வெறுங்கையோடு வந்தீர்கள். சட்டையெல்லாம் முள். அம்பு கோணலாகப் பட்டு மான் ஓடிவிட்டது என்றீர்கள். இரத்தத் துளிகள் ஓடைவரை போய் நின்றுவிட்டன. ஞாயிற்றுக்கிழமையும் போய் நாள் முழுக்கத் தேடினீர்கள். திங்களன்று பண்ணைக்காரர், ஓடைக்கு அந்தப் பக்கம் அது செத்துக் கிடப்பதாகச் சொன்னார்.

“எவ்வளவு நேரம் துடிச்சுதோ,” என்றீர்கள். உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “கை நடுங்கிடுச்சு. வேற ஒண்ணுமில்ல. இனிமே இது வேணாம்.”

நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். “விடுங்க, கறி கடையில வாங்கிக்கலாம்,” என்று மதினி சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஐந்து வருடங்கள். ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்துத் தெருவில் இருந்த உங்களிடம் கேட்கவில்லை.

இன்று பெட்டியிலிருந்து வில்லை எடுத்தபோது, அடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது. உங்கள் மகள்தான் பிரித்தாள். “மாமி, இது உங்க ஹேண்ட்ரைட்டிங்தானே? வாப்பா ஏன் இதை சேவ் பண்ணினாங்க?”

பதினோராவது தாள். துளைக்குக் கீழே என் ‘சரி’. அதற்கும் கீழே, ஸ்கேல் வைத்து இழுத்த கோடும், சாய்ந்த உங்கள் கையெழுத்தில் ‘கால் அங்குலம்’ என்ற எழுத்தும், நீங்கள் வெறுங்கையோடு வந்த அந்தச் சனிக்கிழமைத் தேதியும் இருந்தன. மற்றப் பத்துத் தாள்கள் பெட்டியில் இல்லை. ரெஸ்ட்டைப் பார்த்தேன். நான் பென்சிலால் குறித்த இடத்திலிருந்து ஒரு முடியளவு நகர்த்தி இறுக்கியிருந்தீர்கள். பிறகு ஒரு அம்புகூட விடாத வில்லில், அதை மட்டும் சரி செய்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் மகளிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நோட்டில் பதினோராவது வரிக்கு எதிரே உங்கள் அளவை எழுதி, என் ‘சரி’யை அடித்துவிட்டேன். அந்த மானுக்குப் பிறகு, பிள்ளைகளின் மருந்தளவு ஆனாலும், பள்ளிவாசலுக்குச் சோறு ஆக்க அரிசி அளந்தாலும், அந்தச் சொல்லைச் சொல்லும் முன் மறுபடி ஒரு தடவை பார்க்கிறேன். அன்று கிடைத்த அந்த அஸர் தொழுகைக்கு ஒரு மான் விலையாகப் போனது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் நானா. தெரிந்துதான் என் பிழையை உங்கள் கையின்மேல் போட்டுக்கொண்டீர்கள். அன்றே என்னைப் பொறுத்துக்கொண்டீர்களா, இல்லை நானாக வந்து சொல்வேன் என்று ஐந்து வருடம் காத்திருந்தீர்களா? கனவில் வந்தாவது பதில் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை