ஆள் இருக்கும் பாட்டு

குஷிரோ,
பிப்ரவரி 2, திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

சிசுரு எழுதுகிறேன். கடிதத்தை வானிலையில் தொடங்குவதுதான் முறை. இங்கே துறைமுகத்துக்குள் பனிக்கட்டி மிதந்து வந்திருக்கிறது. காலையில் வாசல் கதவு உறைந்துபோகிறது, வெந்நீர் ஊற்றித்தான் திறக்கிறேன். நீங்கள் இருக்கும் பெப்புவில் இந்நேரம் பிளம் பூத்திருக்கும். மூன்று வருடமாக உங்கள் புத்தாண்டு அட்டைக்குப் பதில் போடும்போதெல்லாம் "இருவரும் நலம்" என்று எழுதினேன். இந்த முறை அப்படி எழுத முடியாது.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். பன்னிரண்டாம் தேதி அறுவைச் சிகிச்சை. குரல்வளையை முழுவதும் எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். பேச்சுதான் இனி வராது.

டாக்டர் கொடுத்த பதினோரு பக்கத் தாள்களை நான்தான் படித்துச் சொன்னேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "படிச்சவ நீ, நீயே படிச்சுக்கோ. நல்லதா ஏதாவது இருந்தா மட்டும் சொல்லு," என்றார். கடைசிப் பக்கம்வரை தேடினேன். வலி குறைவாக இருக்கும் என்பது மட்டும் இருந்தது. அதைச் சொன்னேன். உறவினர் கையெழுத்துக்கு இரண்டு இடம் விட்டிருந்தார்கள். ஒன்றில் நான் போட்டேன். மற்றது காலியாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

குரல் போவதற்கு முன் அடிக்கடி சொல்லும் வார்த்தைகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். பிறகு அதைக் கருவியில் போட்டுப் பேசவைக்கலாமாம். நூறு வார்த்தை பட்டியல் எழுதி வரச் சொன்னாள். "நூறு எதுக்கும்மா? குளியல், சோறு, தூக்கம். மூணு போதும்," என்றார் அப்பா. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டில் அது வேடிக்கைப் பேச்சு இல்லையே. அன்று வீட்டுக்கு வந்து என் கைபேசியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்து கேட்டபோது நாலு நிமிடத்துக்கு ஹீட்டரின் இரைச்சல் மட்டும் பதிவாகியிருந்தது. முடிவில் ஒரே ஒரு தடவை, "என்னத்தச் சொல்றது," என்று.

வீட்டைவிட்டுப் போகும் அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. "கமொமே கரோக்கே கடைல பாட்டுக்குப் பாட்டு அழுவுற மனுஷன், வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. ஊர் பேர் தெரியாத பொம்பளைக்காக அழுவுறாரு, எங்கிட்ட உப்பு எங்கன்னுகூடக் கேக்க மாட்டேங்குறாரு." அப்போது எனக்குப் பட்டம் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. என் படிப்பு முடியட்டும் என்றுதான் அத்தனை வருடமும் இருந்தீர்கள் என்பது பிறகுதான் புரிந்தது. பட்டமளிப்புப் படத்தில் நாம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் படத்தை அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

நான் இன்னும் நகராட்சியில் அதே ஓய்வூதிய ஜன்னலில்தான் இருக்கிறேன். மதியச் சாப்பாட்டைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அப்பா விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் சுற்றி வந்து நிற்பார்கள். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியாது.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று ஞாயிறு மதியம் கமொமேயில் அப்பாவுக்காகக் கடை நடத்தும் தொகிகோ அக்கா ஒரு கூட்டம் கூட்டியிருந்தார். வழக்கமாக வரும் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். அப்பா ஐஸ் ஆலையில் ஓய்வுபெற்ற அன்று போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் கதவோரமாக உட்கார்ந்தேன். மேசையில் உப்பில் ஊறவைத்த முள்ளங்கியும் பொரித்த கணவாயும் இருந்தன. அப்பாவுக்கு மட்டும் கஞ்சி. உங்களுக்குத் தெரியாததா, அந்தக் கடையில் ஒரு சிரிப்புப் பாட்டுகூடக் கிடையாது. கப்பல் போய்விட்டது, அவன் வரவில்லை, மழை பெய்கிறது, அவள் குடிக்கிறாள். எழுபது வயது ஆண்கள் கைவிடப்பட்ட பெண்ணின் வாயால் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். பாடி முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கணவாய்க்குக் கை நீட்டுகிறார்கள்.

ஒனோதேரா மாமாவை நினைவிருக்கும், டாக்சி ஓட்டினவர். அவர் பாடி முடித்ததும் இயந்திரம் எழுபத்திரண்டு மதிப்பெண் போட்டது. "மிஷினுக்குக் காதல் தோல்வியே கெடையாது, அதான்," என்றார். "உனக்கு மட்டும் இருக்காக்கும்? உன் பொண்டாட்டி உன்ன அடுப்படிலகூட தனியா விட்டதில்லயே," என்றார் தொகிகோ அக்கா. கடை முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார், சத்தம் வராமல்.

அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "சிசு, அப்பாவுக்காக ஒண்ணு பாடு. இன்னிக்கு ஒரு நாள்தானே," என்றார் அக்கா. பள்ளிக்கூடத்தில்கூட நான் வாய் மட்டும் அசைத்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வராது. முழுதாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். நீங்கள் பாத்திரம் கழுவும்போது பாடுவீர்களே, படகுத்துறையில் நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் பாட்டு. அதைத்தான் தேடி அழுத்தினேன்.

இசை தொடங்கியதும் யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அது பிடிபடவில்லை, கூச்சத்தில் கண்ணை மூடியிருந்தேன். இரண்டாவது வரியில் இருந்தபோது இசை நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் அப்பா இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறார், விரல் பொத்தான்மேல் இருக்கிறது.

"அது ஆள் இருக்குற பாட்டு. வேற பாடு," என்றார். கரகரத்த குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

வேறு தெரியாது என்றேன். "அப்ப உக்காரு," என்றார். ஒனோதேரா மாமா, "எய்சோ அண்ணே, புள்ள இருபத்தஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் வாயத் தொறந்துச்சு, அதையும் மூடிட்டியே," என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

தொகிகோ அக்கா என்னைச் சமையல் பக்கம் கூட்டிப்போய்க் கையில் தேநீர் கொடுத்தார். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத்தான் அது நேற்றுவரை தெரியாது. அந்தக் கடையில் ஒருவருடைய பாட்டை இன்னொருவர் எடுக்க மாட்டார்களாம். இறந்துபோனால்கூட நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு கழிந்து, வீட்டாரைக் கேட்டுத்தான் எடுப்பார்களாம். "அது உங்கம்மா இங்க பாடுன பாட்டு, நாங்க யாரும் அதத் தொடல சிசு. அவங்க போன வருஷமே புதுசா ஒருத்தர் வந்து அத எடுக்கப் பாத்தாரு. உங்கப்பாதான் எந்திரிச்சுப் போய், மன்னிச்சுக்குங்க, அதுக்கு ஆள் இருக்குன்னு தலை குனிஞ்சு சொன்னாரு. இன்னிக்கு நீ எடுத்ததும், வீட்ல முடிவே பண்ணிட்டாங்கபோலன்னு நெனச்சுட்டோம்," என்றார். அம்மா, நீங்கள் இனி இல்லை என்று எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டு நின்றிருக்கிறேன். அப்பாவின் கடைசிப் பாட்டு நாளில்.

அப்பாவின் முறை வந்தது. மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். "தொண்டை சரியில்ல," என்று பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார். நேற்று அவர் பாடவே இல்லை.

நடந்தே திரும்பினோம். அவர் முன்னால், நான் பின்னால். மீன் சந்தை முனையில் சிவப்பு விளக்குக்காக நின்றோம். வண்டி ஒன்றும் வரவில்லை, இருந்தாலும் நின்றோம். அவர் திரும்பாமலே சொன்னார்: "உங்கம்மா பாடுறப்போ ரெண்டாவது வரில மூச்சு வாங்க மாட்டா. ஒரே இழுப்புல கொண்டு போவா. நீ நடுவுல வாங்கிட்ட." விளக்கு பச்சையானது, நடந்தார். உங்களைப் பற்றி மூன்று வருடத்தில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். நீங்கள் பாத்திரம் கழுவும்போது அவர் செய்தித்தாள் படிக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அம்மாவிடம் சொல்லட்டுமா என்று இன்று காலை கேட்டேன். "எதுக்கு? அவளுக்கு அங்க வேலை கெடக்கும்," என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பி வாருங்கள் என்று எழுத மாட்டேன். அந்த வீட்டில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைப் பார்த்தவள் நான். மன்னித்துவிடுங்கள் என்றும் கேட்கவில்லை, அது அவர் கேட்க வேண்டியது. கேட்க அவருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன், வியாழக்கிழமை உங்களுக்குக் கிடைத்துவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நாலு நாளும் மாலை ஐந்து மணிக்கு நான் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஆறு மணிவரை துறைமுகப் பக்கம் நடந்துகொண்டிருப்பேன். வீட்டில் இருந்தால் தொலைபேசி அடித்ததும் பழக்கத்தில் நான் போய் எடுத்துவிடுவேன், அதனால்தான். தொலைபேசி எண் மாறவில்லை. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்து வருவார், ஏழெட்டுத் தடவை மணி அடித்தாலும் காத்திருங்கள். எடுத்ததும் "மிகாமி" என்று தன் பெயரைச் சொல்வார். உங்களுக்குப் பேச வராவிட்டால் பேச வேண்டாம். அவர் பேசுவார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவர் வைத்துவிட மாட்டார், அம்மா. நீங்களும் உடனே வைத்துவிடாதீர்கள்.

சலவை வேலையில் கை வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
சிசுரு