ஒற்றைக்கால் ஜின்னும் உங்கள் இருமலும்

லாத்தா,

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மேலப்பாளையத்திலிருந்து வந்த உங்கள் மகள், அவள் மடியில் நீங்கள் பார்க்காமலே போன பேத்தி. நாலு பேர்தான். என் போனில் உங்கள் படம் தேடிய மகளின் விரல் பழைய ஒலிப்பதிவு ஒன்றில் பட்டுவிட, ஐந்தாவதாக நீங்கள் பேசினீர்கள்.

"உம் போடுட்டி. நீ உம் போடலன்னா ஜின்னு ஆத்துக்குள்ளயே நிக்கும்."

பின்னணியில் பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம். நடுநடுவே இருமல்.

தாமிரபரணியில் குளிக்க வருகிறவர்களின் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு கெண்டை மீனை வைத்துவிட்டுப் போகும் ஒற்றைக்கால் ஜின்னின் கதை. வெள்ளிக்கிழமைதோறும் ஊர்க்கதைகளும் விசித்திரப் படங்களும் பகிரும் எங்கள் இணையக் குழுவுக்காக, கூடப்பிறக்காத அக்காவான உங்களிடம் நான்தான் கேட்டுப் போனில் பதிவு செய்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் ஜின்னை வரைந்து காட்டியபோது, "ஜின்னுக்கு எதுக்குட்டி வளையல்?" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பதிவிலிருந்து அந்த இருமலை மட்டும் எடுத்துவிடச் சொன்னீர்கள்.

நான் உங்களையே எடுத்துவிட்டேன். இருமலை நீக்கத் தெரியவில்லை என்பது பாதி உண்மை. சுத்தமான குரலில் சொன்னால் எனக்குப் பேர் வரும் என்பது மீதி. கதவைச் சாத்திக்கொண்டு நானே சொல்லிப் போட்டேன். குழுவில் அத்தனை பேரும் என்னைப் புகழ்ந்தார்கள். எந்தக் கதையை யார் சொன்னது என்று தவறாமல் குறித்து வைக்கும் என் நோட்டில், அந்த ஒரு கதைக்கு மட்டும் 'சொன்னவர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.

மகளின் போனில் அதைக் கேட்டுவிட்டு நீங்கள் கோபப்படவில்லை. "நல்லாத்தான் சொல்லிருக்க. உம் போட ஆளில்லாம எப்படிட்டி சொன்ன?" என்று மட்டும் கேட்டீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை திருத்திப் போடுகிறேன் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

காந்திமதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவளிடம் கேட்பது சுலபம். உங்கள் மகளிடம் நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "உம்மா குரலையே போடுங்க மாமி. இருமலோடயே கெடக்கட்டும். இவளும் ஒருநா கேக்கணும்லா?" என்றாள்.

நோட்டில் என் பெயரை அடித்து உங்கள் பெயரை எழுதிவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றே விட்டிருக்கிறேன். குரல்தான் மிச்சம். இருமலோடு வேண்டும் என்கிறாள் அவள், இருமல் வேண்டாம் என்றீர்கள் நீங்கள். உங்கள் சொல்லை ஒருமுறை மீறியவள் நான். மறுபடியும் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை போட வேண்டும், லாத்தா. கனவிலாவது வந்து, அதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள். உம் என்றால் போதும்.